மலையனுக்கு ஒரு பிடி

"அம்மை, மலையன் எந்திரிக்க மாட்டேங்கான்."

மாசிலாமணி வாசற்படியில் நின்றபடியே சொன்னார். அறுபது வயசு மனுஷன், ஒரு நாய்க்குட்டிக்காகத் தோள் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

மலை மடத்துத் தலைவியான அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எத்தன நாளா?"

"மூணு நாளா. முன்னங்கால் ரெண்டும் வெளிப்பக்கமா வளையுது. மூட்டு வீங்கிக் கெடக்கு. தொட்டா போதும், கத்துதான்."

"என்ன போடுதீய?"

அழுதுகொண்டிருந்தவருக்கு முகம் தெளிந்தது. சோற்றைப் பற்றிக் கேட்டுவிட்டால் எந்தத் துக்கமும் அவரைவிட்டு ஒரு நிமிஷம் தள்ளி நிற்கும்.

"காலையில ரெண்டு லிட்டர் பாலு, கேப்பக் கூழு, நாலு முட்ட. மத்தியானம் கோழிக்கறி போட்டுச் சோறு. சாயங்காலம் எலும்பு சூப்பு. அதுபோக டானிக்கு. பாட்டில்ல ஒரு மூடின்னு போட்டிருந்தான். நான் நாலு மூடி ஊத்துதேன். இம்புட்டுப் பெரிய எலும்புக்கு ஒரு மூடி எந்த மூலைக்கு?"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்." கொஞ்சம் தயங்கினார். "பொறவு, முதல் பிடி உண்டுல்லா."

அம்மை கீரையைக் கீழே வைத்தார்.

முதல் பிடி என்பது அந்த மலை மடத்து வழக்கம். மடத்தில் முப்பத்துநாலு பேர். யார் சாப்பிட உட்கார்ந்தாலும் இலையில் விழுந்த சோற்றில் முதல் பிடியைக் கொண்டுபோய் முற்றத்து வாழையிலையில் வைத்துவிட்டுத்தான் தான் உண்ண வேண்டும். காக்கை வரும், அணில் வரும், எறும்பு வரும். யார் வந்தாலும் அவர்கள் பாடு.

மலையன் வந்த நாளிலிருந்து காக்கைகள் வேறு ஊர் பார்த்துப் போய்விட்டன.

முப்பத்துநாலு பிடி காலையில், முப்பத்துநாலு பிடி மத்தியானம். ஒருத்தராவது கூட்டிப் பார்த்தார்களா? நான் வைப்பது ஒரே ஒரு பிடி, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று முப்பத்துநாலு பேரும் நினைத்தார்கள். புண்ணியவான்கள்.

---

மலையன் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மடத்துத் தொழுவத்தில் சிறுத்தை இறங்கி இரண்டு கன்றுகளைத் தூக்கிப் போயிற்று. கீழே ஊரில் அரிசி ஆலை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் காவலுக்கு இருக்கட்டும் என்று ஐம்பது நாள் குட்டி ஒன்றைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். கிரேட் டேன். வளர்ந்தால் ஆள் இடுப்புக்கு நிற்கும் ஜாதி.

"யாரு பாத்துக்கிடுதீய?" என்று அம்மை கேட்டார்.

மாசிலாமணி கேட்டு முடிக்கவிடவில்லை. கூடை அவர் கைக்குப் போய்விட்டது.

அவர் சொந்த ஊரில் மீன் மார்க்கெட் பக்கம் முப்பது வருஷம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். "போதும்" என்று ஒருத்தன் சொன்னால் அவர் காதில் விழாது. இலையை மூடினவன் இலையைத் திறந்து ஒரு கரண்டி ஊற்றுவார். பெண்டாட்டி சொர்ணம் போன மறுமாதம் கடையைச் சாத்திவிட்டு மலை ஏறி வந்தார். நாலு வருஷம் ஆயிற்று. இங்கேயும் அடுப்படிதான்.

அம்மை அவரைவிடப் பதினெட்டு வயசு இளையவர். முன்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் என்று சொல்வார்கள். இருக்கலாம். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை கிழித்துக் கொடுக்க மாட்டார்.

---

கீழே ஊரிலிருந்து கால்நடை டாக்டரம்மா வந்தார். மலையனைப் புரட்டிப் பார்த்தார். சாக்கில் தூக்கித் தராசில் நிறுத்தார்.

"நாலு மாசக் குட்டி. இருபத்தஞ்சு கிலோ இருந்தா ஜாஸ்தி. இவன் முப்பத்தாறு இருக்கான்."

மாசிலாமணிக்கு அந்த நேரத்திலும் உள்ளே ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. பாவி மனசு.

"சந்தோஷப்படாதீங்க," என்றார் டாக்டரம்மா. "இது பெரிய ஜாதி. ஒன்றரை வருஷம் வளரும். மெதுவாத்தான் வளரணும். நீங்க சதைய ஓட விட்டுட்டீங்க, எலும்பு பின்னால நிக்குது. அந்த டானிக்க இன்னையோட நிறுத்துங்க. சுண்ணாம்புச் சத்து கூடிப்போனாலும் எலும்பு கோணும்."

மலையனின் விலாவில் கையை வைத்துத் தடவினார்.

"இங்க தடவுனா எலும்பு கைக்குத் தட்டுப்படணும். இவனுக்கு எங்க இருக்குன்னே தெரியல."

பெரிய ஜாதிக் குட்டிகளுக்கான தீனி ஒரு பை கொடுத்தார். அலுமினியக் குவளை ஒன்றை வாங்கி உள்ளே ஆணியால் ஒரு கோடு கீறினார்.

"ஒரு வேளைக்கு இந்தக் கோடு வரைக்கும். ஒரு நாளைக்கு மூணு வேளை. அதுக்கு மேல ஒரு பருக்கை கூடாது."

"கொறச்சா செத்துர மாட்டானா?"

"கூட்டுனா நடக்க மாட்டான். வளந்தா அறுபது எழுபது கிலோ வருவான். இந்தக் கால் அதத் தாங்காது. எந்திரிக்கவே முடியாத நாய்க்கு கடைசியில ஊசிதான் போடணும். ஒரு மாசம் பாப்போம்."

மாசிலாமணி குவளையை வாங்கி உள்ளே பார்த்தார். கோடு பாதிக்கும் கீழே இருந்தது.

---

டாக்டரம்மா போன பிறகு அம்மை ஒரு பழைய வேட்டியைக் கிழித்து நீளப் பையாகத் தைத்தார். ஓடையிலிருந்து மணல் கொண்டுவரச் சொன்னார். அடுப்படித் தராசில் பதினொரு கிலோ நிறுத்துப் பையில் கொட்டினார்.

"இடுப்புல கட்டிக்கிடுங்க அண்ணாச்சி."

"எதுக்கு?"

"கட்டிக்கிடுங்க."

கட்டிக்கொண்டார். அதோடு அடுப்படியில் நின்றார். அதோடு சுனைக்கு நூற்றுப் பன்னிரண்டு படி இறங்கித் தண்ணீர் எடுத்து ஏறினார். உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. மூன்றாம் நாள் மாசிலாமணி அம்மைக்கு முன்னால் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முட்டி கழண்டு விழுந்துரும்போல இருக்கு அம்மை."

"உங்களுக்கு அறுபது வருசத்து எலும்பு," என்றார் அம்மை. "அவனுக்கு நாலு மாசம்."

வேறு கதையாக இருந்தால் இங்கே முடிந்திருக்கும். மாசிலாமணி காலில் விழுந்திருப்பார், கண் திறந்திருக்கும், நாமும் எழுந்து போயிருக்கலாம். அப்படி நம் இஷ்டத்துக்கு எது நடக்கிறது!

---

வாழையிலையை வேலிக்கு அந்தப் பக்கம் மாற்றினார்கள். காக்கைகள் திரும்பி வந்தன. டானிக் பாட்டிலை மாசிலாமணியே கொண்டுபோய் மண்ணில் கவிழ்த்தார்.

குவளையில் கோடு வரைக்கும் அளந்து போட்டார். மலையன் நாலு வாயில் முடித்தான். முடித்துவிட்டு அவரைப் பார்த்தான்.

அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

எழுந்து நடக்க முடியாத குட்டி, படுத்தபடியே காலித் தட்டை மூக்கால் தள்ளும். தட்டு முற்றத்துக் கல்லில் உரசிக்கொண்டு அடுப்படி வாசல்வரை வரும். பிறகு ஒரு முனகல். காதைப் பொத்தினாலும் கேட்கும். பொத்திய காதுக்குள் இன்னும் நன்றாகக் கேட்டது.

ஐந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

ஆறாம் நாள் தன் இலைச் சோற்றை அப்படியே மடியில் கட்டினார். யாரும் பார்க்காதபோது மலையன் முன்னால் உதறினார். தான் சாப்பிடவில்லை. தன் பங்கைத்தானே கொடுக்கிறோம், இது கூடுதல் கணக்கில் வராது என்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். மனுஷனுக்கு நியாயத்துக்கா பஞ்சம்?

ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. மாசிலாமணி கன்னம் ஒட்டிப்போனார். மலையன் விலா மறுபடி சதைக்குள் ஒளிந்துகொண்டது.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம். அவர் மடியைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் மலையனுக்கு எங்கிருந்தோ வேகம் வந்தது. இரண்டு வாரமாக எழாதவன் எழுந்தான். வாலை ஆட்டிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தான். அடுப்படிக்கு ஏறும் ஒரே ஒரு படி. ஒரு சாண் உயரம்கூட இல்லை.

இடது முன்னங்கால் மடிந்தது.

அவன் போட்ட சத்தத்தில் தொழுவத்து மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றன.

---

டாக்டரம்மா காலுக்குக் கட்டுப் போட்டார். மூட்டுப் பக்கம் எலும்பில் கீறல் விழுந்திருக்கிறது என்றார். கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"கோடு வரைக்கும்தான போட்டீங்க?"

மாசிலாமணி தரையைப் பார்த்தார்.

டாக்டரம்மா கையைத் துடைத்தார். "இன்னும் இருபது நாள். அதுக்குள்ள தானா எந்திரிச்சு நின்னான்னா பொழச்சுக்கிடுவான். இல்லன்னா நான் ஊசியோடதான் வரணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாசிலாமணி தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு அம்மையிடம் வந்தார்.

"நான் போறேன் அம்மை."

"எங்க?"

"எங்கயாவது. நான் இங்க இருந்தா அவன் செத்துருவான். எங் கை நிக்க மாட்டேங்கு. என்னால முடியல."

"ஏன் முடியல?"

நாலு வருஷத்தில் யாரிடமும் சொல்லாததை அவர் அப்போது சொன்னார்.

"எம் பொண்டாட்டிக்கு வயித்துல கட்டி. ஆபரேசன் பண்ணி வச்சிருந்தாவ. கஞ்சித் தண்ணி தவிர ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னாவ. அவ சாளமீன் கொழம்பு கேட்டா. மாங்கா போட்டு, ஒரு வாய், ஒரே ஒரு வாய்னு கேட்டா. நான் குடுக்கல. எட்டு நாள் கேட்டா அம்மை. ஊருக்கே பொங்கிப் போட்டவன், அவளுக்குக் குடுக்கல."

துண்டை வாயில் அழுத்திக்கொண்டார்.

"ஒம்பதாம் நாள் எனக்கு மனசு கேக்கல. டாக்டராவது ஒண்ணாவதுன்னு வீட்டுக்கு ஓடுனேன். மீன் வாங்கி, மசால அரச்சு, கொழம்பு வச்சுத் தூக்குச் சட்டியில ஊத்தி எடுத்துட்டு ஓடியாந்தேன். வாசல்ல வச்சே சொல்லிட்டாவ. முகத்த மூடிட்டாவ. பசியோட போயிட்டா. அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இனிமே எந்தச் சீவன் கேட்டாலும் இல்லைங்க மாட்டேன்னு. இப்ப நீங்க கோடு போட்டு அளந்து போடச் சொல்லுதீய."

அம்மை அவர் பக்கம் திரும்பினார்.

"ஒம்பதாம் நாளும் கேட்டாவளா?"

"என்னது?"

"கொழம்பு."

மாசிலாமணி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அன்னைக்கு அவளுக்குப் பேச்சு இல்ல. கேட்டிருப்பா. எனக்குத் தெரியாதா?"

அம்மை எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"கைய நீட்டுங்க."

நீட்டினார். அம்மை தண்ணீர் ஊற்றினார். சீயக்காய்த் தூள் போட்டு விரல் விரலாகத் தேய்த்தார். நகக்கண்ணைக்கூட விடவில்லை. தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

"மோந்து பாருங்க. சோத்து வாசன இருக்கா?"

மோந்தார். "இல்ல."

"போயி அவன்கிட்ட உக்காருங்க."

"வெறுங்கையோடயா?"

"வெறுங்கையோட."

"அழுவானே அம்மை."

"அழுவான்."

---

மாசிலாமணி போய் மலையன் பக்கத்தில் உட்கார்ந்தார். பையை ஒரு ஓரமாக வைத்தார்.

மலையன் அவர் மடியை மோந்தான். கையை மோந்தான். இரண்டு கையையும் மாற்றி மாற்றி நக்கினான். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அழ ஆரம்பித்தான்.

எழுந்துவிட வேண்டும்போல் அவருக்கு இருந்தது. அடுப்படி பத்தடி தூரத்தில் இருக்கிறது. பானையில் சோறு இருக்கிறது. ஒரு பிடி, ஒரே ஒரு பிடி. இடது கையை ஊன்றி எழப்போனார்.

மலையன் கட்டுப்போடாத காலைத் தூக்கி அவர் மணிக்கட்டின்மேல் வைத்தான்.

அவ்வளவுதான். அழுத்திப் பிடிக்கக்கூட அவனுக்குத் தெம்பு இல்லை. வைத்துக்கொண்டான்.

மாசிலாமணி எழவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக முனகல் குறைந்தது. தலை அவர் தொடையில் சாய்ந்தது. ஒரு பெரிய மூச்சு விட்டான். வயிறு நிறையாமல் அவன் தூங்கி மாசிலாமணி அதுவரை பார்த்ததில்லை.

அந்தப் பக்கமாகத் தண்ணீர்க் குடத்தோடு போனவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்கள். என்ன அண்ணாச்சி, உடம்புக்கு முடியலையா என்று கேட்டார்கள். அவர் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

---

அவர் மலையை விட்டுப் போகவில்லை. ஆனால் பேச்சை விட்டுவிட்டார்.

மூன்று வேளை கோடு வரைக்கும் அளப்பார். ஒரு பருக்கை கூடாது, ஒரு பருக்கை குறையாது. மலையன் தின்று முடித்ததும் கையைச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவார். அவன் காலைத் தூக்கி மணிக்கட்டில் வைப்பான். அவன் தூங்கும்வரை அந்தக் கையை எடுக்க மாட்டார். அடுப்படியில் எது கருகினாலும் எழமாட்டார். மடத்தில் இரண்டு நாள் ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது.

இருபது நாளில் மலையன் எடை கூடவில்லை, உயரம் மட்டும் இரண்டு விரல் கூடியிருந்தது. தடவினால் விலா எலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டது.

இருபத்தோராம் நாள் காலையில் டாக்டரம்மா வந்தார். பை கனமாக இருந்தது. எல்லோரும் அந்தப் பையைத்தான் பார்த்தார்கள்.

வெளியாள் வாசனை கண்டதும் மலையன் குரைத்தான். படுத்துக்கொண்டு குரைப்பது கௌரவக் குறைச்சல் என்று பட்டதோ என்னவோ, பின்னங்காலை ஊன்றினான். ஆடினான். வலது காலை ஊன்றினான். பிறகு கட்டுப்போட்ட காலையும் ஊன்றி நின்றேவிட்டான்.

முற்றம் முழுக்க ஒரே கூச்சல். கீரைக்கட்டோடு வந்தவர் கீரையைத் தூக்கிப் போட்டார். வயசான ஒருவர் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

டாக்டரம்மா கால்களைத் தொட்டுப் பார்த்தார்.

"வலது கால் நேரா வந்துரும். இடது கால் கொஞ்சம் கோணல்தான். நொண்டுவான். ஆனா நடப்பான்." பையை மூடினார். "ஊசி வேண்டாம்."

மலையன் நொண்டி நொண்டி மாசிலாமணியிடம் வந்தான்.

மாசிலாமணி சுவரில் சாய்ந்து தரையில் சரிந்தார். வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். கொஞ்சநேரம் அப்படித்தான் இருந்தது. அழுகை நிற்கவே இல்லை என்றபோதுதான் கூச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது.

அம்மை வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"எந்திரிச்சிட்டானே அண்ணாச்சி. பொறவு என்ன?"

இருபத்தோரு நாள் கழித்து மாசிலாமணி பேசினார்.

"ஒம்பதாம் நாள் அவ கொழம்பு கேக்கல அம்மை. எங் கையப் புடிச்சிட்டுக் கெடந்தா." இடது மணிக்கட்டை நீட்டிக் காட்டினார். "இந்தா, இந்த எடத்துல. நான்தான் ஒவ்வொரு வெரலா எடுத்துவிட்டுட்டு, மீன் வாங்கப் போனேன்."